ஏழாம் நம்பர் மலையில் பத்து மணி

ஜீவராணிக்குச் சீனி வியாதி என்று தோட்டத்து டிஸ்பென்சரியில் சொல்லியனுப்பிய அன்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாமான் விலை ஏறிய வருசத்திலிருந்து எங்கள் ஒற்றையறைக் காம்பராவில் சீனி டப்பா காலியாகத்தான் கிடந்தது.

“ஏன்டி, ஒங்க வீட்டுல சீனியவே காணோமேன்னு பார்த்தேன். அம்புட்டும் ஒன் ஒடம்புக்குள்ள போயி ஒளிஞ்சிக்கிச்சாக்கும்” என்றாள் பக்கத்துக் காம்பரா காளியாயி.

“சும்மா இருங்க பெரியம்மா. பணக்காரவுங்க வியாதி வந்திருக்கு எனக்கு. இனிமே கொஞ்சம் மரியாதையா பேசுங்க” என்று ஜீவராணியும் சிரித்தாள்.

அன்றைக்குச் சிரித்ததற்கு நான் இன்னும் வெட்கப்படுகிறேன்.

எனக்கு எழுத்து தெரியாது. சம்பள நாளில் கைநாட்டு வைத்தே காலத்தை ஓட்டியவள். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்வேன். நான் செய்த பிழையையும் மறைக்க மாட்டேன். அதை விட்டுவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். விடமாட்டேன், எழுதுங்கள் என்றேன்.

ஜீவராணி என் மகன் நிரஞ்சனின் பெண்சாதி. நோர்வூட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். பத்து வயதில் தாயைப் பறிகொடுத்தவள். பத்தொன்பதில் வட்டவளைக்குக் கீழே இருக்கிற எங்கள் தோட்டத்துக்கு மருமகளாக வந்தாள். வந்த மூன்றாம் நாளே என்னோடு கொழுந்தெடுக்க மலைக்கு வந்தாள். என் கூடை பாதி ஆவதற்குள் அவள் கூடை தளும்பியது. எனக்குப் பொறாமையாக இருந்தது, பொய் சொல்வானேன். இரண்டு கையும் இரண்டு குருவி மாதிரிச் செடியைக் கொத்தும். கண் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். வாய் ஏதாவது முணுமுணுத்துக்கொண்டிருக்கும். செங்குத்தான ஓர நிரைக்கு மற்றப் பெண்கள் போகத் தயங்குவார்கள். அவள் தானாகப் போய் நிற்பாள். அங்கே யாரும் கிள்ளாமல் விட்ட கொழுந்து கிடைக்கும் என்பது அவள் கணக்கு.

இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. மகள் தனுஷிகா, மகன் தனுஷன், இரண்டும் கொட்டகலையில் படிக்கிற பிள்ளைகள். என் மகன் கொழும்பில் ஒரு இரும்புக்கடையில் நிற்கிறான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தோட்டத்துத் திருவிழாவுக்கும் வருவான். அனுப்புவதை அனுப்புவான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவனும் அங்கே கடைக்குப் பின்னால் மூட்டைமேல்தான் படுக்கிறான்.

நான் வேலையிலிருந்து நின்று ஒன்பது வருசம். தோட்டத்தில் ஒரு கையாவது வேலை செய்கிற வீட்டுக்குத்தான் காம்பரா தங்கும். அப்படியென்றால் எங்கள் நாலு பேர் தலைக்கு மேலே இருக்கிற தகரம் அவளுடைய அந்த இரண்டு கைகள்தான். ஒரு நாளைக்குப் பதினெட்டுக் கிலோ எடுத்தால் ஒரு பேர் விழும், அதாவது முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப்பேர். நிறுக்கிற இடத்தில் தராசு முள்ளைப் பார்க்கிறபோது பெண்கள் மூச்சுக்கூட விடமாட்டார்கள்.

காலையில் மாவு பிசைந்தால் ஆறு ரொட்டி தேறும். பிள்ளைகளுக்கு இரண்டிரண்டு. எனக்கு ஒன்று. மிச்சம் ஒன்றை அவள் மதியத்துக்கென்று துணியில் சுற்றிக்கொண்டு போவாள். “சாப்பிட்டியா?” என்றால் “ஆச்சு அத்தை” என்பாள். எப்போது ஆச்சு என்று நான் கேட்டதே இல்லை.

வியாதி பிடிபட்டது அட்டைக்கடியால். மழைக்காலத்தில் கணுக்காலில் கடித்த கடி ஒரு மாதமாகியும் ஆறவில்லை. சீழ் வைத்துவிட்டது. டிஸ்பென்சரியில் ரத்தம் பார்த்துவிட்டுப் பட்டணத்து ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு எழுதிக்கொடுத்தார்கள். மாதம் ஒரு நாள் போகவேண்டும். அந்த நாளுக்குப் பேர் கிடையாது. விடியுமுன்னே பஸ் ஏறினால் வரிசையில் நம்பர் கிடைக்கும். ரத்தம் எடுக்கிறபோது ஒன்பது, பத்தாகிவிடும். மாத்திரை மட்டும் இனாம்.

அவள் சொன்னபடி கேட்கிற பிள்ளை. சீனி தொடாதே என்றார்கள். வெறுந்தேத்தண்ணியைச் சீனி இல்லாமல் குடித்தாள். சாப்பாட்டுக்கு அரை மணிக்கு முந்தி மாத்திரை போடு என்றார்கள். காலை ஆறு மணிக்கு, வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஓடுவதற்கு முன்னே, மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். அரை மணி கழித்து வரவேண்டிய சாப்பாடு எங்கே இருக்கிறது என்று அவளும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. பொங்கல் கழிந்து, தை மாதக் கிளினிக்கில் சீனி ஏறியிருக்கிறது என்று சொல்லி, ஒன்றாக இருந்த காலை மாத்திரையை இரண்டாக்கினார்கள். அதையும் ஒழுங்காகப் போட்டாள்.

சித்திரையில் கொழுந்து பொங்கிக்கொண்டு வந்தது. அப்போதுதான் முதல் தடவை நடந்தது.

ஏழாம் நம்பர் மலை எங்கள் தோட்டத்திலேயே செங்குத்தானது. அதன் நடு வளைவில் ஒரு கருங்கல் நிற்கிறது. அதுதான் முனி. கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் ஒரு கொழுந்தைக் கிள்ளிக் கல்லடியில் வைத்துவிட்டுத்தான் நிரையில் இறங்குவார்கள். அன்றைக்குப் பத்து மணி இருக்கும். அந்தக் கல்லுக்கு நாலு எட்டு தள்ளி ஜீவராணி நடுங்கினாள். கை உதறியது. வேர்த்துக் கொட்டியது. யாரிடமோ கோபமாகப் பேசினாள். யாரோ நீட்டிய இனிப்புத் தேத்தண்ணியைக் குடித்தாள், கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள், சரியாகிவிட்டது. எட்டு நாள் கழித்து கொழுந்தெடுக்க மறுபடி அதே மலையின் முறை வந்தது. மறுபடி அதே இடம், அதே பத்து மணி. இந்தத் தடவை கூடையோடு சாய்ந்துவிட்டாள்.

சாயங்காலம் காளியாயி என் காதோடு வந்து சொன்னாள்: “ஒன் மருமவ அந்தக் கல்லுக்குக் கொழுந்து வைக்காம நிரையில எறங்கியிருக்கா. முனி சும்மா விடுமா?”



எனக்கு வந்த பயம் ஒன்றல்ல. முனி பயம் ஒரு பக்கம். மலையில் மயங்கி விழுகிற ஆள் என்று மேலே ஆபீசுக்குத் தெரிந்தால் கொழுந்தெடுக்க விடமாட்டார்கள் என்ற பயம் மறுபக்கம். ஒரு வருசத்துக்கு முன்னே கீழ் லயத்தில் வலிப்பு வந்த ஒரு பெண்ணை அப்படித்தான் நிறுத்தினார்கள். ஆகவே வாயை மூடிக்கொண்டோம். கங்காணி சின்னராசா கேட்டபோது, “வெயிலு ஒத்துக்கல” என்று சொல்லிவிட்டாள் ஜீவராணி. அன்றைக்குச் சூரியனையே காணவில்லை.

அடுத்த நாள் கந்தப்பன் பூசாரியைக் கூட்டிவந்தேன். பூசாரி என்றால் பெரிய ஆள் இல்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற தொழிலாளிதான். ஆனால் திருவிழாவில் சாமி வந்து ஆடினால் அவர் வாக்கு தப்பாது என்று பேர். ஜீவராணியின் நெற்றியில் திருநீறு போட்டு, கையில் கறுப்புக் கயிறு கட்டினார்.

“மூணு வெள்ளிக்கெழம ஒருசந்தி இருக்கட்டும். பகல்ல பச்சத்தண்ணிகூட வேணாம். அந்திக்கு வெளக்கு வச்சபொறவு ஒருவேளை சாப்பிட்டுக்கட்டும்” என்றார்.

“மாத்திரை?” என்று கேட்டேன்.

“மாத்திரைய நிப்பாட்டச் சொல்ல நான் யாரு? அது டாக்குத்தர் சமாச்சாரம். அதப் போட்டுக்கட்டும், தோசமில்ல.”

அவர் போன பிறகு ஜீவராணி அடுப்பை ஊதிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: “அத்தை, வெள்ளிக்கெழமையும் மலைக்குப் போகணுமே. எனக்குப் பசி தாங்காது போலருக்கு.”

“ஒரு நா பட்டினியில செத்தவ எவளும் இல்லடி” என்றேன்.

நான்தான் சொன்னேன். இந்த வாய்தான்.

முதல் வெள்ளி எப்படியோ கழிந்தது. அவள் திரும்பி வந்தபோது உதடு வெளுத்திருந்தது. அரைப்பேர்தான் என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். விளக்கு வைத்துச் சோற்றைப் பிசைந்து கொடுத்தேன். முனி கோபம் தணிகிறது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் வெள்ளி ஏழாம் நம்பர் மலை முறை வந்தது. காலையில் மாத்திரை இரண்டையும் என் கண்ணெதிரே விழுங்க வைத்தேன். மாத்திரையை விட்டுவிடுவாளோ என்று எனக்குச் சந்தேகம். அவ்வளவு கவனமான மாமியார் நான்.

பைப்படியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். காளியாயியின் மருமகள் ஜெயந்தினி மலையிலிருந்து செருப்பில்லாமல் ஓடிவந்தாள்.

“அம்மாயி, வாங்க! ஜீவராணி அக்காவுக்கு முனி நல்லா ஏறிருச்சு. எறங்க மாட்டேங்குது!”

எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. என் முழங்கால் தேய்ந்துபோனது. படிக்கட்டு ஏறவே சுவரைப் பிடிக்கிறவள். அன்றைக்குத் தேயிலைச் செடிகளைப் பிடித்துப் பிடித்து ஏறினேன். மேலேயிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. பத்துப் பதினைந்து பெண்கள் இருக்கிற மலை அப்படி மௌனமாக இருக்காது. சத்தம் இல்லாததுதான் என்னை உலுக்கியது.

பெண்கள் வட்டமாக நின்றார்கள். கங்காணி சின்னராசா தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாக நின்றார். கல்லடியில் கற்பூரம் எரிந்தது. சாமி தானாக இறங்கவேண்டும் என்று ஒருத்தியும் அவளைத் தொடவில்லை.

ஜீவராணி இரண்டு செடிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது, ஆனால் பார்க்கவில்லை. பனி விழுகிற அந்தக் குளிரில் மழையில் நனைந்தவள் மாதிரி வேர்த்திருந்தாள். கைகள் இரண்டும் வெறும் காற்றில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தன. கிள்ளிக் கிள்ளித் தோளுக்குப் பின்னால் போட்டாள். கூடை எப்போதோ உருண்டு கீழே போய்விட்டது.

“அம்மா, தண்ணி கொதிக்குது, எறக்கட்டா?” என்றாள். பத்து வயதுப் பிள்ளையின் குரல். செத்துப்போன தாயிடம் பேசுகிறாள்.

நான் அவள் முன்னால் மண்டியிட்டேன். “யாரு நீ? என்னா வேணும் ஒனக்கு? சேவல் வேணுமா, சாராயம் வேணுமா, கேளு, தாறேன். எம்புள்ளைய விட்டுட்டுப் போ!” என்று கத்தினேன். அவள் என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தாள். பிறகு கை நின்றது. தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. வாயோரம் எச்சில் வழிந்தது.

நான் அவள் தலையைத் தாங்கிப் பிடித்தேன்.

அந்த நேரத்தில் மேலே குறுக்குப்பாதையில் செல்லசாமி வந்தான். தோட்டத்து மானேஜர் தொரையின் பங்களாவில் சமையல் செய்கிற அப்பு. காய்கறி வாங்கக் கடைக்குப் போகிறவன், கூட்டத்தைப் பார்த்துக் கூடையைப் போட்டுவிட்டு இறங்கி ஓடிவந்தான். இடுப்பில் வெள்ளைச் சாரமும் எண்ணெய் தடவிய தலையுமாகத் திரிகிறவனை எங்கள் லயத்தில் பங்களாப் பூனை என்றுதான் சொல்வார்கள்.

“தள்ளுங்க, தள்ளுங்க! இது சாமி இல்ல. சீனி எறங்கிப்போச்சு. யாருகிட்ட சீனி இருக்கு? சீக்கிரம்!”

பெண்கள் தேத்தண்ணிக்குத் தொட்டுக்கொள்ள ஆளுக்கொரு துளி சீனியைக் கடதாசியில் மடித்து இடுப்பில் செருகி வைத்திருப்பார்கள். ஜெயந்தினி தன்னுடையதை எடுத்து நீட்டினாள். செல்லசாமி அதைப் பிரித்து ஜீவராணியின் வாயருகே கொண்டுபோனான்.

நான் அவன் கையை ஓங்கித் தட்டிவிட்டேன். சீனி மண்ணில் கொட்டியது.

“பங்களாப் பூனை! அவளுக்குச் சீனி ஆகாதுடா! கிளினிக்குல படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கு. எம்மருமவளக் கொல்லவா வந்த?”

“அக்கா, வைய்யிறத பொறவு வையிங்க. தொரைசாணிக்கும் இதே வியாதிதான். இதே மாத்திரைதான். பத்து வருசமா பாக்குறேன். மாத்திரைய போட்டுட்டுச் சாப்பிட நேரமானா இதே வேர்வ, இதே ஒளறல். ஒரு நா பீங்கான் கோப்பைய எம்மூஞ்சியில வீசுனாங்க. வாயில குளுக்கோஸ் போட்டோம். பத்து நிமிசத்துல எந்திரிச்சி, ‘செல்லசாமி, கோப்பைய ஒடச்சது யாரு’ன்னு என்னையே ஏசுறாங்க!”

யாரோ ஒருத்தி அந்த நேரத்திலும் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

“தொரைசாணி கட்டிலுக்குப் பக்கத்துல எந்நேரமும் குளுக்கோஸ் டப்பா இருக்கும். வெரல்ல குத்திப் பாக்குற மிசின் இருக்கு. அவுங்க மாத்திரை போட்டா அரை மணியில மேசையில முட்டை வைக்கிறது என் வேல. ஒரு நா பிந்துனா என் வேல போயிரும். அக்கா, நான் பொய் சொல்லல, நேரமில்ல!”

நான் பிடிவாதக்காரி. ஆனால் அந்தப் பேச்சு என்னை எங்கேயோ பிடித்து நிறுத்தியது. பங்களாவுக்கு முனி ஏறியதாக என் எழுபத்தொரு வருசத்தில் நான் கேள்விப்பட்டதில்லை. முனி எப்போதும் லயத்துக்காரர்களைத்தான் பிடிக்கும். தொரைசாணிக்கும் என் மருமகளுக்கும் ஒரே வேர்வை, ஒரே உளறல் என்றால் அது முனியாக இருக்க முடியாது.

கையைக் கீழே போட்டேன். “போடு” என்றேன்.

இன்னும் மூன்று பெண்கள் கடதாசியை நீட்டினார்கள். செல்லசாமி அவளைப் பக்கவாட்டில் சாய்த்து, நனைத்த விரலில் சீனியைத் தொட்டு, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தான். “ஊத்திராதீங்க, மூச்சு அடைச்சிரும்” என்று தண்ணீர் கொண்டுவந்தவளைத் தடுத்தான். நான் அவள் மூக்குக்கு நேரே கையை வைத்துக்கொண்டிருந்தேன். மூச்சு வருகிறது என்று தோன்றும். பிறகு அது மலைக்காற்றோ என்று தோன்றும். பிள்ளைகளுக்கு என்ன சொல்வேன், மகனுக்கு யார் போன் பண்ணுவார்கள் என்றெல்லாம் மனம் எங்கெங்கோ ஓடியது. அந்தப் பத்து நிமிசத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

முதலில் நாக்கு அசைந்தது. இன்னும் கொஞ்சம் சீனி தேய்த்தான். கண்ணை மூடித் திறந்தாள். என்னைப் பார்த்தாள். வாயைச் சப்புக்கொட்டினாள்.

“யாரு எனக்குச் சீனி குடுத்தது?” என்றாள். “கிளினிக்குல ஏசுவாங்களே.”

நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். செல்லசாமி எழுந்து சாரத்தில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தான்.

சின்னராசா கங்காணி தொப்பியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். “நான் ஒன்னும் பாக்கல. கல்லு தடுக்கி விழுந்திருச்சு, அம்புட்டுத்தான். கொழுந்து லொறியில ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஆனா அம்மா, இன்னொரு தடவ எனக்கு மேல இருக்கிற கண்டாக்கையா கண்ணு முன்னாடி விழுந்துச்சுன்னா என்னால காப்பாத்த ஏலாது. மலையவிட்டு நிப்பாட்டிருவாங்க.”

கொழுந்து மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து பட்டணம் போனோம். ஆஸ்பத்திரியில் கஜனி என்று ஒரு நர்ஸ் மிஸ். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. டாக்குத்தர் சிங்களத்தில் கேட்பதை அவள் எங்களுக்குச் சொன்னாள்.

“காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?”

“ஒன்னுமில்ல மிஸ். இன்னைக்கு ஒருசந்தி.”

“வெறும் வயித்தில குளிசை போட்டனீங்களோ? ரெண்டும்?”

“நான்தான் போடச் சொன்னேன்” என்றேன். அந்தப் பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசவில்லை.

“விரதம் இல்லாத நாளில எத்தனை மணிக்குச் சாப்பிடுறனீங்கள்?”

ஜீவராணி என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். “பன்னெண்டுக்கு. கொழுந்து நிறுத்தபொறவு.”

“குளிசை?”

“ஆறு மணிக்கு.”

மிஸ் கிளினிக் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “தை மாதம் சீனி கூடியிருக்கு. அண்டைக்கு ரத்தம் எடுக்க முன்னம் ஏதும் சாப்பிட்டனீங்களோ?”

“ஒரு பணிசும் இனிப்புத் தேத்தண்ணியும். விடியுமுன்ன கெளம்பினது, கை நடுங்கிச்சு. பஸ் ஸ்டாண்டுல ஒரு அக்கா வாங்கிக் குடுத்திச்சு.”

யாரோ இரக்கப்பட்டு வாங்கிக் கொடுத்த அந்தப் பணிசு ரொட்டியால் சீனி ஏறியது. அதைப் பார்த்து மாத்திரையை இரண்டாக்கினார்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அந்த நெரிசலில் கேட்க யாருக்கு நேரம்? எழுதி ஒட்டியிருந்ததாம், வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று. எந்தப் பாசையில் ஒட்டியிருந்தது என்று நான் கேட்கவில்லை.

“இதுக்கு முன்னம் எத்தனை தரம் இப்பிடி வந்தது?” என்றாள் மிஸ்.

“ரெண்டு தடவ” என்றேன் நான்.

“இல்ல அத்தை.” ஜீவராணியின் குரல் பக்கத்திலிருந்த எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. “நான் எண்ணல. மூணாம் நம்பர்ல வந்திச்சு. பன்னெண்டாம் நம்பர்ல ஓர நிரையில நிக்கிறப்ப வந்திச்சு, செடியப் புடிச்சிக்கிட்டே குனிஞ்சு நின்னேன். யாரும் பாக்கல.”

பன்னிரண்டாம் நம்பர் மலையின் ஓர நிரைக்குக் கீழே வெறும் பாறை. அதற்கும் கீழே ஓடை. அங்கே அவள் கண் இருட்டி, செடியைப் பிடித்துக்கொண்டு தன்னந்தனியே நின்றிருக்கிறாள். நான் வீட்டில் ரொட்டி தின்றுகொண்டிருந்திருப்பேன். கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு தடவை வந்ததை மட்டும் நாங்கள் பார்த்தோம், முனி என்றோம். மற்ற இடங்களில் பார்க்க ஆளில்லை.

மாத்திரையை ஒன்றாகக் குறைத்தார்கள். அதுவும் சாப்பாட்டோடுதான். பத்து மணிக்கு ஏதாவது கடிக்கவேண்டும். முட்டை, கீரை, பருப்பு சேர்க்கவேண்டும். மிஸ் சொல்லிக்கொண்டே போனாள்.

“பத்து மணிக்கு அவ மலையில நிப்பா மிஸ்” என்றேன்.

“அங்க நிண்டு சாப்பிட ஏலாதோ?”

“ஏலும். அந்நேரத்துக் கொழுந்த யாரு எடுக்கிறது? ரெண்டு கிலோ கொறைஞ்சா அரைப்பேரு.”

மிஸ் பேனாவை மூடினாள். “அம்மா, நான் பயப்பிடுத்தச் சொல்லேல்ல. அடுத்தமுறை இவ முழிக்காமலே போகலாம்” என்றாள்.

வீட்டுக்கு வந்தபின் செல்லசாமி ஒரு நாள் வந்தான். தொரைசாணி கேள்விப்பட்டு இரக்கப்பட்டுக் கொடுத்தனுப்பியதாம், ஒரு பெட்டி பிஸ்கட். தனுஷிகா வாசித்துப் பார்த்துவிட்டு, “அப்பாயி, சீனி இல்லாத பிஸ்கட்டாம்” என்றாள். செல்லசாமி தலையைச் சொறிந்தான். “நான் என்னா பண்ண, அவுங்க அலமாரியில அதுதான் இருக்கு.” நல்ல மனசு அந்த அம்மாவுக்கு. பிள்ளைகள் ஒரே நாளில் தின்று முடித்தார்கள்.

கந்தப்பன் பூசாரியும் வந்தார். மூன்றாம் வெள்ளி என்னாயிற்று என்று கேட்க வந்தவர். நான் வாசலிலேயே நிறுத்தினேன்.

“ஒருசந்தி கெடையாது பூசாரி. முனிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். வேணும்னா என்னையப் புடிக்கட்டும்.”

அவர் கோபிக்கவில்லை. லயத்தின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: “அக்கா, அதுக்கு முன்னாடி எப்புடி இருந்திச்சாம் அந்தப் புள்ளைக்கு? நாக்கு மரத்துப்போகுமா? காது அடைக்குமா?”

“ஆமான்னுதான் சொல்லுது. ஏன்?”

“நானும் அந்த மாத்திரைதான் போடுறேன். திருவிழாவுக்கு மூணு நா ஒருசந்தி இருக்கேன்ல.” சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அவர் முதுகு பள்ளத்தில் இறங்கி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். சாமியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் லயத்தில் மட்டும் அந்த மாத்திரை போடுகிறவர்கள் ஏழு பேர் என்று ஜெயந்தினி சொன்னாள். ஏழு பேரும் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார்கள் என்று இப்போது நான் வாசல் வாசலாகக் கேட்கிறேன். கிழவிக்குப் பைத்தியம் என்கிறார்கள். சொல்லட்டும்.

ஜீவராணி ஒரு வாரம் வீட்டிலிருந்தாள். எட்டாம் நாள் பெரட்டுக்குக் கிளம்பினாள். நான் மறித்தேன். “அத்தை, நான் போகாட்டி என்னா பண்ணுவோம்?” என்று கேட்டாள். சூடான ரொட்டியை அவள் கையில் வைத்து, விழுங்கி முடிக்கும்வரை முன்னால் உட்கார்ந்தேன். இடுப்பில் சுற்றிக் கட்டுகிற படங்குச் சாக்கின் மடிப்பில் ஒரு கருப்பட்டித் துண்டைச் செருகிவிட்டேன். “பத்து மணிக்கு வாயில போடு. கை நடுங்கினா அதுக்கு முந்தியே போடு. யாரு என்னா சொன்னாலும் குந்து.”

“சரி அத்தை.”

அன்றைக்கு ஏழாம் நம்பர் மலை. நான் வீட்டில் இருக்கவில்லை. பின்னாலேயே போய் மலையடிவாரத்துப் பாலத்தில் உட்கார்ந்தேன். சின்னராசா பார்த்துவிட்டார்.

“என்னா அம்மா, ஒங்களுக்கும் சேத்துப் பேரு போடவா?”

“ஒம்பது வருசத்துப் பாக்கியையும் சேத்துப் போடுங்க” என்றேன். சிரித்தார்.

ஒன்பதரைக்குப் பனிமூட்டம் இறங்கியது. முதலில் முனிக்கல் மறைந்தது. பிறகு நிரைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. பெண்களின் தலைத்துணிகள் கொஞ்ச நேரம் தெரிந்தன, பிறகு அவையும் போய்விட்டன. அவள் ஓர நிரையில்தான் நின்றாள். எத்தனை சொன்னாலும் அங்கேதான் போவாள். பாலத்தில் ஒரு பையனிடம் மணி கேட்டேன். பத்துக்கு ஐந்து என்றான்.

“ஜீவராணி!” என்று கூப்பிட்டேன்.

பதில் இல்லை. மேலே கொழுந்து கிள்ளுகிற சத்தம் மழை மாதிரிக் கேட்டது. அதில் அவள் கை எது என்று தெரியவில்லை.

“ஏய் ஜீவராணி! போட்டியாடி?”

ரொம்ப நேரம் கழித்து, ரொம்ப தூரத்திலிருந்து அவள் குரல் வந்தது. “இன்னும் ரெண்டு கிலோ அத்தை! எடுத்துட்டுப் போடுறேன்! கத்தாதீங்க!”

நான் எழுந்தேன். படங்கு மடிப்பிலிருந்து அந்தக் கருப்பட்டியை நானே எடுத்து அவள் வாயில் திணித்தால்தான் எனக்கு மூச்சு வரும். ஓரத்துச் செடியை இறுகப் பிடித்துக்கொண்டு, மூட்டத்துக்குள் காலை வைத்து ஏறத் தொடங்கினேன்.